குட்டி பேசின கேசட்

வெங்கிடேஸ்வரன் ஷார்ஜாவிலிருந்து வந்த பதினொன்றாம் நாள், அவன் கப்பலில் போட்டுவிட்டிருந்த சாமான்கள் துறைமுகத்திலிருந்து கைவண்டியில் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தன. இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு கேசட் டெக். வண்டி மிளகுக் கிடங்குகளைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பியதுமே வீட்டுக்கு ஒரு தலை வெளியே வந்துவிட்டது. என்ன பெட்டி, யாருக்குப் பெட்டி என்று ஒரே விசாரணை. பாட்டுப் பெட்டி என்று தெரிந்ததும் ஆளாளுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். பெற்ற பெண் போய்ப் பத்து மாதம் ஆகவில்லை, இவனுக்குப் பாட்டு கேட்கிறதாக்கும்!

பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்கில் எலும்பா இருக்கிறது? பாட்டுக்காக அந்தப் பெட்டிகள் வரவில்லை. செத்துப்போன மகளின் குரலைத் தேடி எடுக்க வந்தன. அந்தக் குரல் வீட்டிலிருக்கும் ஒரு கேசட்டுக்குள் அடியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வெங்கிடேஸ்வரன் நம்பினான். அவன் மனைவி ஸ்வர்ணலதா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கைவண்டிக்காரருக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, பெட்டிகளை எங்கே இறக்க என்று மட்டும் கேட்டாள்.

அந்த வீட்டில் கடிதம் எழுதுவது நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. வளைகுடாவுக்கு ஆள் போன எல்லா வீடுகளிலும் அப்போது கேசட்தான். பேசிப் பதிவுசெய்து, போகிற வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் போன கேசட் அங்கே தங்கும், வந்த கேசட் இங்கே தங்கும். இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஒரே கேசட். ஸ்வர்ணம் பேசி அனுப்புவாள். அவன் கேட்டுவிட்டு அதன் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவான். அதைக் கேட்டுவிட்டு இவள் மறுபடி அதன் மேலேயே பேசுவாள். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் அவன்தான். முதல் கேசட்டிலேயே சொல்லிவிட்டான்: "உன் பேச்சு மேலே நான் பேசறேன், என் பேச்சு மேலே நீ பேசு. வேற ஒருத்தர் எடுத்துக் கேக்க நம்ம பேச்சு ஒண்ணும் பாக்கி இருக்கப்படாது, கேட்டியா?" அதைக் கேட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிய நாலு வருஷம் ஆயிற்று.

மகள் திரிபுரசுந்தரிக்குப் போன வருஷம் ஆறு வயது. பெயர்தான் அவ்வளவு நீளம், வீட்டில் குட்டி. அப்பா போனபோது இரண்டு வயது. லீவு அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று கம்பெனி இழுத்தடித்ததில் அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கேசட்டில் பேசடி என்றால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். போன மிதுன மாதத்தில், அதாவது ஆனியில் மட்டும், ஸ்வர்ணம் பேசிக்கொண்டிருக்கும்போது தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா முடித்ததும் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் போல மூச்சு விடாமல் பேசினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஷார்ஜாவில் வெங்கிடேஸ்வரனுக்குப் பக்கத்து அறையில் இருந்த நீலகண்டன் லீவில் வரும்போது கொண்டுவந்தான். வழக்கப்படி அந்தப் பதில் இவர்கள் பேச்சை அழித்துக்கொண்டுதான் வந்தது. ஸ்வர்ணம் மறுபடி பேசி அனுப்புவதற்குள் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. தந்தி போயிற்று. பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் இருந்ததால் தகப்பன் வரவில்லை. கேசட் மட்டும் அப்படியே நின்றது. அதன் மேல் பேச ஸ்வர்ணத்திடம் பேச்சில்லை.

ஷார்ஜாவில் ரேடியோ கடை வைத்திருந்த ஒருவன்தான் வெங்கிடேஸ்வரனின் மனசில் அந்த ஆசையைப் போட்டது. மலிவு ரெக்கார்டர் பழைய பேச்சை முழுக்க அழிக்காது. நல்ல டெக்கும் பெரிய ஸ்பீக்கரும் சத்தமில்லாத அறையும் கிடைத்தால், புதுப் பேச்சு ஓய்கிற இடத்தில் பழையது லேசாகக் கேட்கும். இவ்வளவுதான் அவன் சொன்னது. வெங்கிடேஸ்வரன் அதைப் பிடித்துக்கொண்டான்.

பின்கட்டில் பழைய பாத்திரங்களும் உப்புமாங்காய்ப் பரணி ஜாடிகளும் கிடந்த அறையை ஒழித்தார்கள். எட்டடிக்குப் பத்தடி, ஒரே ஜன்னல். துணைக்குப் பிச்சை வந்தார். பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகியும் தமிழை விடவில்லை. 'சாரே' மட்டும் மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

"சாரே, பொட்டி மூலையில ஒட்டிக் கெடந்தா சத்தம் கும்முனு அடைக்கும். செவுத்த விட்டு ஒரு முழம் வெளிய இழுங்க," என்றார் பிச்சை.

இழுத்தார்கள். பிறகு ஸ்வர்ணம் துணி உலர்த்துகிற கயிற்றை அவிழ்த்து வந்து கொடுத்தாள். ஒரு பெட்டிக்கும் மற்ற பெட்டிக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் நாற்காலியிலிருந்து இரண்டுக்கும் இருக்க வேண்டுமாம். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து நாற்காலியை வைத்தார்கள். பெட்டிகளின் முகத்தை நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பினார்கள். உட்கார்ந்தால் மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் காதுக்கு நேராக வரவில்லை என்று, சாப்பிட உட்காரும் மணைகளைப் பெட்டிக்கு இரண்டாக அடியில் அடுக்கினார்கள். ஒரு டார்ச் பேட்டரியை வயரில் தொட்டுத் தொட்டு எடுத்து, இரண்டு பெட்டியிலும் ஸ்பீக்கர் ஒரே பக்கம் குதிக்கிறதா என்று பிச்சை பார்த்தார். மாறிக் குதித்தால் குரல் உள்ளீடற்றுப் போய்விடுமாம்.

அறை எதிரொலித்தது. பிச்சை கையைத் தட்டிக் காட்டினார். தட்டிய பிறகும் சத்தம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. இஞ்சிக் கிடங்கிலிருந்து சாக்குகள் வாங்கி வந்து சுவர் மூன்றிலும் அடித்தார்கள். நாற்காலிக்குப் பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தினார்கள். அறை முழுக்கச் சுக்கு வாசனை. மின்விசிறியை நிறுத்தி ஜன்னலையும் அடைத்தபோது, நின்ற இடத்தில் மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. பிச்சை மறுபடி கையைத் தட்டினார். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது.

"போறும்," என்று வெங்கிடேஸ்வரன் கேசட்டைப் போட்டான்.

"ஸ்வர்ணம், நான் இங்கே சுகமா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் சுகந்தானே?"

ஸ்வர்ணம் திடுக்கிட்டுப் போனாள். இந்தப் பெட்டியிலிருந்தும் இல்லை, அந்தப் பெட்டியிலிருந்தும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து குரல் வந்தது. அப்படியானால் குட்டியும் அங்கேதான் வந்து நிற்பாளோ என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றிவிட்டது. அந்த ஒரு கணத்துக்காக அவனை மன்னிக்க முடியாது என்றும் தோன்றிற்று.

மறுநாளிலிருந்து அவன் அந்த அறையே கதி என்று ஆனான். கேசட்டின் கடைசிப் பத்து நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். குட்டி பேசியது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கேசட் முடிகிறவரைக்கும் அவன் பேசித் தீர்த்திருந்தான். ஆகவே ஒரு வாக்கியத்துக்கும் இன்னொரு வாக்கியத்துக்கும் நடுவில், தானே மூச்சு விட்ட இடங்களில் தேடினான். அரை விநாடி, ஒரு விநாடி. அதற்குள் தெருவில் ஒரு கைவண்டி கடகடத்துப் போகும், இல்லையென்றால் சுமைக்காரர்கள் கத்துவார்கள், காக்கை கரையும். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து போடுவான். பெட்டிகளை ஒரு விரற்கடை முன்னால் தள்ளுவான், மறுநாள் பின்னால் தள்ளுவான். சாயங்காலம் பிச்சை வந்து, "கொஞ்சம் உள்ள திருப்பிப் பாப்பமா சாரே?" என்பார். திருப்புவார்கள்.

ஸ்வர்ணத்துக்கு அடுக்களையில் எல்லாம் கேட்கும். கதவைச் சாத்தினாலும் கேட்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை அவன் குரல் சொல்லும்: "குட்டி பேசினதெல்லாம் கேட்டேன். நன்னாப் பேசறா. கெட்டிக்காரி." காய் நறுக்குகிற கையை நிறுத்திவிட்டு அவள் அந்தப் பக்கம் முறைப்பாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் அவளுக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் குட்டி அந்த ஐந்து நிமிஷத்தில் அவனை ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"அப்பா, நீ போறச்சே நான் ரொம்பக் குட்டியாம். இப்போ வந்தா உனக்கு என்னை அடையாளம் தெரியுமோ? போட்டு வந்து நிக்கற ஜெட்டியிலே நெறையக் கொழந்தேள் நிப்பா. நான் எந்தக் கலர் பாவாடை உடுத்துண்டு நிக்கட்டும்? அதைச் சொல்லு. மறக்காமச் சொல்லு, என்ன?"

பதிலில் நிறம் இல்லை. குட்டி மூன்று தடவை முழுக்கப் போட்டுக் கேட்டாள். "அம்மா, அப்பா கலர் சொல்லல்லையே." அடுத்த கேசட்டிலே சொல்லுவா என்று ஸ்வர்ணம் சமாளித்தாள். குட்டி விடவில்லை. இரண்டு நாள் தலையைத் தின்றாள். காய்ச்சலில் கிடந்தபோதும் ஒரு தடவை கேட்டாள்.

எல்லாம் கேட்டானாம், நன்றாகப் பேசுகிறாளாம். கேட்டவனுக்கு ஒரு நிறத்தின் பெயர் சொல்ல நாக்கு சுளுக்கிக்கொண்டதா? சிவப்பு, பச்சை, எதையாவது சொல்லித் தொலைத்திருந்தால் குழந்தை சந்தோஷமாகப் போயிருக்கும். பத்து மாதமாக ஸ்வர்ணம் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம் எழுதவும் இல்லை, அவன் வந்த பிறகு பேசவும் இல்லை. இரக்கப்பட்டு விட்டுவைத்தாள் என்று நினைக்க வேண்டாம். அவன் தலை நிமிர முடியாத ஒரு வேளை வரும், அப்போது முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். கோபத்துக்கும் முகூர்த்தம் பார்க்கிறவர்கள் உண்டு.

மூன்றாவது வாரம், வெங்கிடேஸ்வரன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பிச்சை அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"மாமி, சாருகிட்ட என்னால சொல்ல முடியல, அதான் உங்ககிட்ட சொல்லுதேன். எப்பவாச்சும் மெஷின் கோளாறா இருந்தாத்தான் அடியில ஏதாச்சும் மிஞ்சும். சாரு பேசின மெஷினு நல்ல மெஷினு போல. சுத்தமா அழிச்சிருக்கு. இதுல பாப்பா குரல் இல்ல மாமி."

இத்தனை நாள் தானும் நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஸ்வர்ணத்துக்கே தெரிந்தது.

"அப்போ எதுக்கு தெனமும் வந்து பெட்டியை நகர்த்தறேள்?"

"நகத்துத வரைக்கும் சாரு ஒரு வாய் சாப்பிடுதாரு. நாளைக்குப் பாப்போம்னு தூங்கப் போறாரு. இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் என்ன செய்வாருன்னு எனக்குப் பயமா இருக்கு."

இடவ மாதம், அதாவது வைகாசி, பிறந்து நாலு நாள் இருக்கும், பந்த் அறிவித்தார்கள். எதற்கான பந்த், யார் அறிவித்தது என்றெல்லாம் வெங்கிடேஸ்வரன் கேட்டுக்கொள்ளவில்லை. கைவண்டி ஓடாது, கிடங்கு திறக்காது, படகுகூட ஓடாது. அவனுக்கு அது போதும். முந்தின நாளே பெட்டிகளைக் கயிறு போட்டு அளந்து சரிசெய்தான். டெக்கில் நாடா உரசுகிற தலையைப் பஞ்சால் துடைத்துவைத்தான்.

பந்த் அன்று நடுப்பகலில் மட்டாஞ்சேரி மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. அவன் அடுக்களைக்கு வந்தான். கண்ணெல்லாம் குழி விழுந்து, தாடி மண்டிப் போயிருந்தான்.

"ஸ்வர்ணம், நீ வந்து உக்காரு. என் காது மரத்துப் போச்சு. நீ பெத்தவ, உனக்குக் கேக்கும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இத்தனை நாளில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அவன் கதவைச் சாத்தி, கேசட்டை ஓட்டிவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான்.

குரல் நடுவிலிருந்து வந்தது. ஷார்ஜா கடையொன்றில் பார்த்த ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இவ்வளவு உயரம், இன்ன மரம், ஊருக்கு வந்தால் ஒரு அறையையே அதற்காக ஒதுக்கப்போகிறேன், குட்டிக்குப் பாட்டு சொல்லிவைக்கலாம். வாக்கியம் முடிகிற ஒவ்வொரு இடத்திலும் ஸ்வர்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிச்சை சொன்னது சரிதான். அடியில் ஒன்றும் இல்லை. அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. எங்கேயோ குழாய் சொட்டுவது கேட்டது. பிறகு வேறொன்று கேட்டது. வீட்டுச் சின்ன ரெக்கார்டரில் அவள் ஒருநாளும் கேட்டிராதது.

"யாரு அது, ஹார்ன் அடிக்கறது?" என்றாள்.

அவன் முகத்தைச் சாக்குச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கீழே தெருவிலே. மூணு தடவை அடிச்சாச்சு. அடிக்க அடிக்க நீங்க வேகமாப் பேசறேள். பாருங்கோ, இப்போவும்."

"நிறுத்திடறேன்," என்று எழுந்தான். எழுந்தவனால் டெக் வரைக்கும் போக முடியவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். கேசட் ஓடி முடிந்து தானாக நின்றது.

"நீலகண்டனோட டாக்ஸியாக்கும். உன் கேசட் அன்னிக்குக் காலம்பறதான் என் கையிலே கிடைச்சது. அவனுக்கு அன்னிக்கே பிளேன். அவன் கையிலே கொடுத்துடணும்னு அவசரம். நீ பேசினதிலே பாதி கேட்டேன். குட்டி பக்கத்திலே வந்து உக்காந்திருக்கா, கடைசியிலே பேசறாளாம்னு நீ அந்தப் பாதிக்குள்ளேயே சொல்லியிருந்தியே, அதை வச்சுத்தான் கேட்டேன்னு சொன்னேன். நான் கேக்கல்லை ஸ்வர்ணம். கேக்காமலே அது மேலே பேசிட்டேன். ஹார்ன் அடிச்சப்போவே நிறுத்தியிருந்தாக்கூட அவ பேச்சு கடைசியிலே தப்பிச்சிருக்கும். மிச்ச நாடா வீணாப் போகப்படாதுன்னு பேசிண்டே போனேன். எதைப் பத்தி? இந்த மரப்பெட்டியைப் பத்தி!" அவன் தன் தலையில் மடேர் மடேர் என்று அடித்துக்கொண்டான். "என் கொழந்தை பேசி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை."

ஸ்வர்ணம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாதவன் என்றுதானே பத்து மாதம் இவனை வைதாள்? இவன் கேட்கவே இல்லை. அது இன்னும் மோசமா, இல்லை கொஞ்சம் பரவாயில்லையா என்று அவளால் நிதானிக்க முடியவில்லை.

"நீ பக்கத்திலே இருந்தியே," என்றான் அவன். "குட்டி என்ன சொன்னா? சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

அவள் காத்திருந்த முகூர்த்தம் இதுதான். இதைவிடத் தலை குனிந்து ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் அந்தக் கேள்வி வந்து நின்றது.

"மேல் பல்லு ரெண்டு விழுந்துடுத்துன்னு சொன்னா," என்றாள் ஸ்வர்ணம். "ஒண்ணைக் காணுமாம், முழுங்கிட்டேனோன்னு பயமா இருக்குன்னா. எறணாகுளத்துக்குப் போட்டுலே போறச்சே மாமா ஒருத்தர் சக்கரம் சுத்தவிட்டாராம், போட்டை நான்தான் ஓட்டினேன்னா. ஸ்கூல்லே மலையாளத்துலே 'ழ' எழுத வரல்லை, டீச்சர் மூணு பக்கம் எழுதச் சொன்னா, நான் ரெண்டு பக்கந்தான் எழுதினேன், அம்மாகிட்டே சொல்லாதேன்னா. என்னைப் பக்கத்துலே வச்சுண்டே சொன்னா."

அவன் சிரித்தான். சிரித்தபடியே அழுதான். குட்டியின் இழுப்பும் அவசரமும் தன் வாயில் அப்படியே வருவதைக் கேட்டு ஸ்வர்ணத்துக்கே உடம்பு சிலிர்த்தது. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். அந்த ஐந்து நிமிஷமும் அவளுக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

"என்கிட்டே ஒண்ணும் கேக்கல்லையா? கொழந்தைகள் ஏதாவது கேக்குமே."

ஸ்வர்ணம் அவனைப் பார்த்தாள். நாற்பது வயதுகூட ஆகாதவன் கிழவனைப் போல அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். இவனிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனும் வாழ்நாள் முழுக்கத் தூங்கமாட்டான், அவ்வளவுதானே?

"வேகம் வான்னா. வேற ஒண்ணும் கேக்கல்லை," என்றாள்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளும் அவன் கேட்கப் பயந்ததைக் கேட்டான்.

"கடைசியா எடுத்துண்டு போறச்சே அவளுக்கு என்ன உடுத்திவிட்டே?"

அன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்து, குட்டியின் பாவாடைகளையெல்லாம் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு ஸ்வர்ணம் நின்ற நிலை ஒருவருக்கும் தெரியாது. நேரமாகிறது, வேகம் எடு என்று வாசலிலிருந்து அவசரப்படுத்தினார்கள். எதை எடுக்க என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் கைக்கு வந்ததை எடுத்தாள்.

"மஞ்சப் பட்டுப் பாவாடை."

"மஞ்சளா?" என்றான் அவன். முகம் ஒரு கணம் தெளிந்தது. "அது நன்னா இருந்திருக்கும். என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

குழந்தை போன அன்றுகூட ஸ்வர்ணம் வாய்விட்டு அழுதவள் இல்லை. கல் மனசுக்காரி என்று அதற்கும் சந்தில் பேச்சு இருந்தது. இப்போது நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து, தலையைத் தரையில் மோதிக்கொண்டு அழுதாள். என்ன, என்ன என்று அவன் பதறிக்கொண்டு அவளைத் தூக்கப் பார்த்தான். அவள் சொல்லவில்லை. குட்டி கேட்டதற்கு அப்பா பதில் சொல்லிவிட்டார். அதைக் கொண்டுபோய்ச் சொல்ல அவளுக்குக் குட்டி இல்லை.